ஜப்பானைக் காப்பாத்தப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. அந்தப் பலகை கொஞ்சம் ஆடும், பயப்படாத. நான் செஞ்சதுதான். முப்பது வருஷமா ‘நாளைக்குச் சரி பண்ணிடறேன்’னு உங்க ஆயாகிட்ட சொல்லிட்டிருக்கேன். தச்சன் வீட்டுப் பலகை வேற எப்படி இருக்கும்?

உங்க அம்மா எல்லாம் சொன்னா. டிசைன் படிப்பை முடிச்சிட்டியாம். ஜப்பான்ல பழைய மரவேலையெல்லாம் நசிஞ்சு போவுதாம், நீ போய் நவீன வடிவமைப்பால அதுக்கு உயிர் குடுக்கப் போறியாம். ஒரு வருஷத்துக்கு உதவித்தொகை வேற. ரொம்ப சந்தோஷம். மூலிகை எதுன்னு தெரியாமதான் அனுமாரு மலையையே பேத்து எடுத்துட்டு வந்தாரு. உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல. மூலிகை உன் லேப்டாப்புலயே இருக்கு. நோயாளியைத்தான் இன்னும் பாக்கல.

கோவிச்சுக்காத. நீ பாத்த, நானும் பாத்தேன். போன வருஷத்துக்கு முன் வருஷம் பதினோரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டினியே. அப்ப ஹகோனே மலையில எனக்கு ஒரு பெட்டி வாங்கிக் குடுத்த. பெயின்ட் ஒரு சொட்டு கிடையாது. கருப்பு மரம், மஞ்ச மரம், வெள்ள மரம், செவப்பு மரம்னு மரத்தோட சொந்த நெறத்தையே குச்சி குச்சியா ஒட்டிக் கட்டையாக்கி, அந்தக் கட்டையை இழைப்புளியால காகிதம் மாதிரி சீவி, அந்தச் சீவலைப் பெட்டி மேல ஒட்டறாங்க. யோசெகின்னு பேரு. எடோ காலத்துக் கடைசியில ஹதாஜுகுங்கற ஊர்ல, பெரிய சாலையில போற வழிப்போக்கனுக்கு விக்கறதுக்காக ஆரம்பிச்ச வேலை. பெட்டிக்குப் பூட்டு இல்ல, கீல் இல்ல. பக்கப் பலகையை ஒரு நூல் இப்படி, ஒரு நூல் அப்படி, மொத்தம் பத்து தடவை நகத்தினாத்தான் மூடி அசையும். கடைக்காரம்மா ஒரு தரம் தொறந்து காட்டினாங்க. அந்த நேரம் பாத்து நான் உத்தரத்துல கழுந்து எப்படி எறக்கியிருக்கான்னு மேல பாத்துட்டிருந்தேன்.

நாப்பது வருஷம் உளி புடிச்ச கை. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பெட்டியைத் தொறக்க முடியல. வெளிய சொல்லாத.

சரி, உன் நோட்டுக்கு வருவோம். நேத்து நீ இங்க வெச்சுட்டுப் போன. கேக்காம படிச்சது தப்புதான், ஆனா திண்ணையில வெச்ச நோட்டு நாட்டுடைமை. மொதப் பக்கத்துல எழுதியிருக்க: ‘அழிவுக்குக் காரணம், இளைய தலைமுறைக்கு ஆர்வமில்லை.’ அடேய், வாசலே இல்லாத அடுக்குமாடி வீட்டுல போய்க் கோலமாவு கூவிட்டு, ‘பொம்பளைங்களுக்குக் கோலத்துல ஆர்வம் போயிடுச்சு’ன்னு சொன்ன கதையா இல்ல இருக்கு?

ஜப்பான்காரன் வீட்டுல முன்னெல்லாம் கோரைப்பாய் மாதிரி ததாமி விரிச்ச அறை இருந்துச்சு. அந்த அறைக்குக் காகிதம் ஒட்டின ஷோஜி கதவு வேணும். கதவுக்கு மேல காத்தும் வெளிச்சமும் நொழைய ரன்மா வேணும். ரன்மாவுக்குள்ள குமிக்கோங்கற பின்னல் வேலை வேணும். கிமோனோ மடிச்சு வைக்க கிரி மரத்து அலமாரி வேணும். பொண்ணு பொறந்தா கொல்லையில ஒரு கிரி கன்னு நட்டு, அவளைக் கட்டிக் குடுக்கறப்ப அதை வெட்டி அலமாரி செய்யற வழக்கம்கூட இருந்துச்சு. இப்ப புது வீட்டுல ததாமி அறை அரைகுறை, இல்லன்னா அதுவும் இல்ல. சோபா வந்துச்சு, கதவு அலுமினியமாச்சு, கிமோனோ கல்யாணத்துக்கு வாடகைக்கு வருது. ஆசாரி யாருக்கு ரன்மா செய்வான், உனக்கா? 1979-ல அந்த நாட்டுல பாரம்பரியக் கைத்தொழிலை நம்பி 2.9 லட்சம் பேர் இருந்தாங்க. 2016-ல 60,000 சொச்சம். இதுல மரம், மண்ணு, துணி எல்லாம் சேத்தி. ஆர்வம் போனதால ஆளு போவல. ஆர்டர் போச்சு, அப்பறம் ஆளு போனான், ஆர்வம் கடைசி பஸ்ல போச்சு.

இதை உன்னைவிட அவங்க அரசாங்கம் நல்லா புரிஞ்சு வெச்சிருக்கு. 1974-ல ஒரு சட்டம் போட்டாங்க. எது பாரம்பரியக் கைத்தொழில்னு அதுல கணக்கு இருக்கு. முக்கியமான வேலை கையால நடக்கணும், நுட்பத்துக்கு வயசு நூறாவது ஆகியிருக்கணும். எனக்கு இன்னும் இருபத்திரண்டு வருஷம் பாக்கி. ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி இன்னொண்ணு சொல்றாங்க: அந்தச் சாமான் அன்னாட வாழ்க்கையில பொழங்கற சாமானா இருக்கணும். கண்ணாடிப் பொட்டியில வெச்சுக் கும்பிடறதுக்கு இல்ல. சட்டம் எழுதினவன் வீட்டுலயும் ஒரு ஆயா இருந்திருப்பா.

உன் காலேஜ் செய்முறை ஞாபகம் இருக்கா? செல்போன் உறை மேல ஜப்பான் குமிக்கோ கோலத்தை அச்சடிச்சு, ‘பாரம்பரியத்துக்கு மறுவாழ்வு’ன்னு தலைப்பு வெச்சு, பரிசு வேற வாங்கின. அந்த உறையில மரம் எத்தனை துளி இருந்துச்சு? ஆசாரி எத்தனை பேருக்கு அன்னிக்குக் கூலி கெடச்சுது? அச்சு மெஷின்காரன் நல்லா இருக்கான்னு கேள்விப்பட்டேன். அந்தக் கோலத்துக்குப் பேரு அசனோஹா, ‘சணல் இலை’ன்னு எனக்கு வெளக்கம் சொன்ன. தாத்தாவுக்குத் தெரியாதா அது எந்தச் செடியோட இலைன்னு? கொழந்தை உடுப்புல அதைப் போடுவாங்களாம், அந்தச் செடி மாதிரி நேரா சரசரன்னு வளரட்டும்னு. நம்ம ஊர்ல அந்த எலையைச் சட்டையில போட்டுப் பாரு, போலீசு வளத்துவிடும்.

அந்தப் பயணத்துல ஒரு குமிக்கோ பட்டறையில நாம நின்னது உனக்குப் படம் எடுத்த கணக்கு, எனக்குப் பாடம் கேட்ட கணக்கு. அந்தப் பெரியவர் தரையில குந்தி ஒரு குச்சியைக் கையில குடுத்தாரு பாரு. நெல்லு மொனை மாதிரி நுனி, ரெண்டு பக்கமும் சரிவாச் சீவினது. முக்கோணச் சட்டத்துக்குள்ள மூணு சின்ன இலை, ஆணி இல்ல, ஒட்டுப் பசைக்கும் பெரிசா வேலை இல்ல, ஒண்ணையொண்ணு நெருக்கியே நிக்கணும். ஒரு குச்சி மயிரளவு நீளமாப் போனா அந்தத் தப்பு அங்கேயே நிக்காது, நூறு முக்கோணம் தாண்டிப் போய்ச் சட்டத்தோட மூலையில கோணலா வந்து பல்லைக் காட்டும். நான் கேட்டேன்னு இழைப்புளியையும் குடுத்தாரு. கைப்பிடி கிடையாது, வெறும் கட்டைக்குள்ள ஒரு அலகு. நான் நம்ம வழக்கத்துல தள்ளினேன். அது தவளை மாதிரி குதிச்சுது. அவரு சிரிக்கல, என் மணிக்கட்டைப் புடிச்சுத் தன் பக்கம் இழுத்துக் காட்டினாரு. அவங்க ஊர்ல இழைப்புளியும் இழுப்பு, ரம்பமும் இழுப்பு. இழுத்தப்ப வந்த சீவல் பாத்தியா? அதுக்கு அந்தாண்ட உன் மூஞ்சி தெரிஞ்சுது. அதையும் நீ படம் புடிச்ச. சீவலை நான் மடியில வெச்சு எடுத்தாந்தேன், உங்க ஆயா குப்பைன்னு பெருக்கித் தள்ளிட்டா.

இந்தக் குமிக்கோவுக்கு வீட்டுல எடம் போயிடுச்சுன்னு ஆனப்ப, மிதோஓகா எய்ஜிங்கற வடிவமைப்பாளர் என்ன பண்ணாரு? கியூஷூ தீவைச் சுத்தற சொகுசு ரயில் ஒண்ணு, ‘செவன் ஸ்டார்ஸ்’, 2013-ல ஓட ஆரம்பிச்சது. அதோட பெட்டிக்குள்ள ஒகாவா ஊர் ஆசாரிங்களோட குமிக்கோவைக் கொண்டுபோய் வெச்சாரு. ஆடற அதிர்ற எடத்துல ஆணியில்லாத பின்னலு. கோலத்தை எடுத்துட்டுப் போவல, ஆளையே கூட்டிட்டுப் போனாரு. வித்தியாசம் புரியுதா? புரியலன்னா செல்போன் உறையை எடுத்து ஒரு தரம் பாத்துக்க.

இப்ப தொட்டிக் கதைக்கு வா. இதுல நமக்கும் கொஞ்சம் பாண்டிச்சேரி வாடை இருக்கு.

ஜப்பான்ல மரத்தொட்டி இல்லாம வாழ்க்கையே இல்லன்னு ஒரு காலம். குளிக்க, சோறு வைக்க, ஊறுகா போட, துணி தொவைக்க. பொறந்த புள்ளையைக் குளிப்பாட்டறதும் தொட்டி, செத்தவனை உக்கார வெச்சுப் பொதைச்சதும் தொட்டி. பிளாஸ்டிக் வந்துச்சு, எல்லாம் முடிஞ்சுது. கியோத்தோவுல தொட்டி செய்யற வீடுங்க விரல் விட்டு எண்ணற அளவுக்கு வந்துடுச்சு. அதுல ஒரு வீடு நாககாவா வீடு. அப்பா கியோத்சுகு, அரசாங்கம் ‘வாழும் தேசியச் செல்வம்’னு பட்டம் குடுத்த ஆளு. புள்ளை ஷூஜி. பட்டத்தை நக்கிட்டு ஒக்காந்திருந்தா புள்ளை வயித்துக்கு ஆவுமா? அந்த ஷூஜி கைக்கு ஒரு வேலை வந்துச்சு: ஷாம்பெயின் பாட்டிலை ஐஸ்ல வைக்கற தொட்டி. 2010-ல தோம் பெரிஞோன் கம்பெனிக்காரங்க அதை எடுத்துக்கிட்டாங்க. ‘டோம் பெரிக்னான்’னு நீ திருத்தாத. பாண்டிச்சேரிக்காரனுக்கா பிரெஞ்சு சொல்லித் தர?

அந்தத் தொட்டி வட்டமில்ல. மேல இருந்து பாத்தா ஒரு எலை, ரெண்டு பக்கமும் கூர்மொனை. உனக்கு அது ஒரு கோடு. கம்ப்யூட்டர்ல ரெண்டு நொடியில போட்டுடுவ. தொட்டிக்காரனுக்கு அது தலைவலி. ஏன்னு கேளு. தொட்டின்னா பலகைத் துண்டுகளைச் சரிவாச் சீவி, மூங்கில் முளை வெச்சு வட்டமா நிறுத்தி, வெளிய ஒரு வளையத்தை இறுக்கறது. வட்டத்துல வளையம் எல்லாப் பலகையையும் ஒரே மாதிரி அமுக்கும். எலை மாதிரி நீட்டிட்டா? மொனையில மட்டும் இறுக்கும், நடுவுல வளையம் சும்மா தொங்கும். நடுப் பலகை ‘நான் கெளம்பறேன்’னு வெளிய வந்துடும். அதுக்கு ஒவ்வொரு பலகையோட சரிவையும் புதுசாக் கணக்குப் போட்டு, அந்தச் சரிவுக்குன்னு இழைப்புளியைத் தேடி, செஞ்சு, ஒழுகி, பிரிச்சு, மறுபடி செஞ்சு. எழுநூறு வருஷத்துப் பழைய தொழிலுக்கு ஒரு புதுக் கணக்கு வந்துச்சு பாரு, அதுதான் வடிவமைப்பு செஞ்ச உபகாரம். அழகா இருக்குன்னு பாராட்டினது உபகாரம் இல்ல.

அதுல இன்னொரு சங்கதி. எவர்சில்வர் சொம்புல ஐஸ் தண்ணி வெச்சா வெளிய வேத்து மேஜையெல்லாம் ஈரமாவும். மரத்தொட்டி அப்படி வேக்காது. ஆக, சீமை விருந்துல அந்தத் தொட்டி நிக்கறது பழமைக்குக் குடுத்த மரியாதையில இல்ல, மேஜைத் துணி நனையாததால. அப்பறம் டென்மார்க்குல ஓஇஓன்னு ஒரு வடிவமைப்பு நிலையம், அதே தொட்டி நுட்பத்துல குந்தற முக்காலி ஒண்ணு செய்யலாம்னு ஷூஜிகிட்ட கேட்டாங்க. செஞ்சாரு. அது லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேந்துச்சு. தொட்டியைக் கவுத்துப் போட்டு உக்காரறது நம்ம ஊர்ல எல்லாக் கெழவியும் பண்றதுதான். டென்மார்க்குக்காரன் கேட்டா மட்டும் அருங்காட்சியகம்.

பொறாமைதான், என்னா பண்றது.

கெங்கோ குமா பேரை உன் நோட்டுல மூணு தரம் அடிக்கோடு போட்டிருக்க. அவரு பெரிய கட்டடக்காரரு, ஒத்துக்கறேன். ஆனா அவரு எங்க போய்க் கை வெச்சாருன்னு பாரு. ஹிதா தகயாமாவுல சின்னப் பசங்க வெளையாடற பொம்மை, சிடோரி. மூணு குச்சி, அதுல வெட்டு வெட்டா இருக்கும். கோத்து ஒரு திருகு திருகினா ஆணியில்லாம நிக்கும். நம்ம திண்ணையில உன் தம்பி தீப்பெட்டி அடுக்கற மாதிரி. அந்தக் குச்சியை ஆறு சென்டிமீட்டர் தடிமனாக்கி, 2010-ல அய்ச்சியில ஒரு பல்வைத்தியச் சாமான் கம்பெனிக்கு முழுக் கட்டடமே எழுப்பினாரு. பொம்மைக்குள்ள இருந்த புத்தியை, அதோட வெட்டு மாறாம, வளத்துவிட்டாரு. பேரு அவருக்கு. பொம்மையை மொத மொதல்ல திருகின ஆசாரி யாருன்னு ஊருக்கே தெரியாது. இதுல நான் அவரைக் குத்தம் சொல்லல, அவரே அந்தப் பொம்மையை மறைக்காம எல்லார்கிட்டயும் சொல்றாரு. நீயும் சொல்லணும்னு சொல்றேன்.

அடுத்த வருஷமே தஸாய்ஃபு கோயில் தெருவுல ஒரு காப்பிக் கடைக்குள்ள 2,000 குச்சி நெருக்கிப் பின்னிக் குடுத்தாரு. 2013-ல டோக்கியோவுல ஒரு தைவான்காரனோட அன்னாசிப் பழக் கேக்கு கடை. அதைச் சுத்தி ஜிகோகு-குமின்னு ஒரு பின்னல். அர்த்தம் என்ன தெரியுமா? நரகப் பின்னல். மேல கீழன்னு மாத்தி மாத்திக் கோத்துட்டா அப்பறம் பிரிக்கவே முடியாது. நரகத்துக்குப் போனவன் திரும்பாத மாதிரி. ஆசாரிங்களுக்குப் பேரு வைக்கத் தெரியும்டா. எனக்கும் உங்க ஆயாவுக்கும் நடந்த கல்யாணத்துக்கு அந்தக் காலத்துல இந்த வார்த்தை கெடைக்கல.

கேக்கு கடைக்கு நரகப் பின்னலான்னு நீ சிரிக்கலாம். குச்சி வாங்கினாங்க, கூலி குடுத்தாங்க, அதனால எனக்குச் சிரிப்பு வரல.

கொஞ்சம் தண்ணி குடு. இனிமே சொல்லப் போறது நம்ம ஊர் கதை.

பாண்டிச்சேரியில ஆசிரமத்துக்குச் சொந்தமா கோல்கொண்டேன்னு ஒரு விடுதி இருக்கு. டோக்கியோவுல இருந்த அன்டோனின் ரேமண்டுங்கற கட்டடக்காரரு வரைஞ்சது. 1937-ல அங்க வேலையை நின்னு பாக்கறதுக்கு ஒரு பையனை அனுப்பினாரு. ஜார்ஜ் நாகாஷிமா. அமெரிக்காவுல பொறந்த ஜப்பான்காரப் புள்ளை, எம்.ஐ.டி.யில கட்டடப் படிப்பு படிச்சது. வந்தவன் அந்தக் கடலோரத்துலயே கெறங்கிப் போய் ஆசிரமத்துச் சீடனாவே ஆயிட்டான். சுந்தரானந்தான்னு பேரு வெச்சாங்க. அங்க தேக்குல சறுக்குக் கதவு, கட்டில், நாற்காலின்னு எல்லாம் நடந்துச்சு. எங்க பெரியப்பா அந்த வேலைக்குப் போனதாச் சொல்லுவாரு. அவரு சொல்றதுல நாலுல ஒண்ணு நெசம், அது இதுவான்னு எனக்குத் தெரியாது. ‘அந்த ஜப்பான் தம்பி தேக்குப் பலகையைத் தடவிப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம நிக்கும்’னு மட்டும் சொல்லுவாரு.

1939-ல அந்தத் தம்பி கெளம்பிப் போயிடுச்சு. ஜப்பான், அப்பறம் அமெரிக்கா. அங்க யுத்தம். ஜப்பான் ரத்தம்னு சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பத்தோட சேத்து அவரையும் பொண்டாட்டி புள்ளையோட ஐடஹோவுல மினிடோக்கா முகாமுல அடைச்சுட்டாங்க. 1942. அந்த முள்வேலிக்குள்ள இன்னொரு ஆளு இருந்தாரு, ஹிகோகவா கெந்தாரோ. ஜப்பான்ல பழைய முறையில தொழில் கத்த தச்சர். கையில நல்ல மரம் கூடக் கிடையாது. கழிச்சுப் போட்ட பலகையையும் பாலைவனப் புதர்க் கட்டையையும் வெச்சு அந்தத் தச்சர் கத்துக் குடுத்தாரு, இந்தப் படிச்சவரு கத்துக்கிட்டாரு. உலகம் பூரா இன்னிக்குக் கொண்டாடற நாகாஷிமா மேஜை, நாற்காலிக்கெல்லாம் பள்ளிக்கூடம் அந்த முகாம்தான். பின்னால 1964-லருந்து ஷிகோகுவுல தகமாட்சு ஊர்க் கைவினைக்காரங்களோட சேந்து வேலை பாத்தாரு. அங்க சகுரா பட்டறைங்கற எடத்துல இன்னமும் அவரு நாற்காலியைச் செய்றாங்க.

இப்ப நீ சொல்லு. எம்.ஐ.டி. படிச்சவன் போய்த் தச்சனைக் காப்பாத்தினானா, தச்சன் அவனைக் காப்பாத்தினானா? உன் நோட்டுல ‘பயனாளிகள்’னு ஒரு கட்டம் போட்டு அதுல ‘கைவினைஞர்கள்’னு எழுதியிருக்க. அதை அடிச்சுட்டு உன் பேரை எழுதிக்க.

‘அப்ப டிசைனே வேணாங்கறியா தாத்தா?’ன்னு மொறைக்கற. வேணாங்கல. யானாகி வீட்டுக் கதையைக் கேளு. அப்பன் சோஎட்சு, ஊர் ஊராப் போயி பேர் தெரியாத கைக்காரன் செஞ்ச சட்டி, பானை, பெட்டியெல்லாம் அழகுன்னு சொல்லி, 1936-ல டோக்கியோவுல அதுக்குன்னே ஒரு அருங்காட்சியகம் கட்டினவரு. புள்ளை சோரி என்ன பண்ணாரு? ஒட்டுப்பலகையை வளைச்சாரு. அதுவும் டெண்டோ மரப்பட்டறையில. சண்டைக் காலத்துல தோட்டாப் பெட்டியும், எதிரியை ஏமாத்தப் பொம்மை விமானமும் மரத்துல செஞ்சு குடுத்த எடம். இனுய் சபுரோங்கற நுட்பக்காரரோட மூணு வருஷம் போராடி, ஒரே மாதிரி ரெண்டு வளைவை முதுகோட முதுகு சேத்து, நடுவுல ஒரு பித்தளைக் கம்பி. பட்டாம்பூச்சி முக்காலி. 1956-ல விக்க ஆரம்பிச்சாங்க, இன்னும் விக்கறாங்க. அதுல பழங்காலக் கழுந்து ஒண்ணும் இல்ல. ஆனா ஊர் ஆசாரிங்க கைக்கு வேலை இருந்துச்சு. அப்பன் பழசைச் சேத்து வெச்சாரு, புள்ளை கைக்குப் புதுசைக் குடுத்தாரு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல சோறு தின்னதுதான் ஆச்சரியம்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், நீ எங்க போனாலும் டிசைன்தான் மருந்துன்னு நெனச்சுக்காத. ஷோடோ தீவுக்குப் போனியா? போவல, அங்க படம் புடிக்க டிசைன் கடை இல்ல. அங்க சோயா சாஸ் காய்ச்சற யமரோக்கு வீட்டுல ஆளு ஒசரத்தைத் தாண்டின மரப் பீப்பாய்ங்க. அந்தப் பீப்பாயோட மரத்துல வாழற நுண்ணுயிர்தான் சாஸுக்கு ருசி. நாடு பூரா இப்ப இரும்புத் தொட்டியில காய்ச்சறான், மரப் பீப்பாய்ல காய்ச்சறது நூத்துல ஒரு பங்குகூட இல்ல. ஒரு பீப்பாய் நூறு வருஷம் தாண்டி ஒழைக்கும். நல்ல சாமானோட சாபம் அதுதான், வாங்கினவன் மறுபடி வரவே மாட்டான். அவ்ளோ பெரிய பீப்பாய் செய்யறதுக்கு மிச்சமிருந்தது சகாய் ஊர்ல ஒரே பட்டறை. அவங்களும் கடையை மூடப் போற வயசு. யமரோக்குவோட அஞ்சாந் தலைமுறை யமமோட்டோ யசுஒ என்ன பண்ணாரு? சாஸ் காய்ச்சறவரு, ஊர்த் தச்சரு ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு அந்தப் பட்டறைக்கே போய்ப் பீப்பாய் கட்டக் கத்துக்கிட்டு வந்துட்டாரு. 2012-ல ஆரம்பிச்ச வேலை, இப்ப வருஷா வருஷம் குளிர்காலத்துல நாட்டோட பல மூலையிலேருந்தும் காய்ச்சறவங்க வந்து கூடிப் பீப்பாய் கட்டறாங்க. அதுல பீப்பாயோட உருவத்துல யாரும் ஒரு கோடு மாத்தல. மாத்த வேண்டியது உருவமில்லன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தக் கதையை உன் நோட்டுல எங்க வெப்பன்னு யோசி. எடமிருக்காது.

அப்பறம் மரம். டிசைன் பண்றவனுக்கு மரம்னா ஒரு நெறம். அகிதாவுல ஓதாதேங்கற ஊர்ல செடார் பலகையை வெந்நியில ஊற வெச்சு வளைச்சு, ஓரத்தைச் செர்ரி மரப்பட்டையால தைச்சு, சோத்து டப்பா செய்யறாங்களே, மகெவப்பா. நீ ரயில்ல வாங்கித் தந்த சோறு பிளாஸ்டிக்குல இருந்துச்சு. அந்தப் பட்டறைக்காரம்மா குடுத்த சோறு அந்த மர டப்பாவுல. ஆறிப்போன சோறுதான், ஆனா பொலபொலன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருந்துச்சு, மரம் அதிகப்படி ஈரத்தைக் குடிச்சுடுச்சு. மூடியைத் தொறந்தப்ப வந்த வாசனை இன்னும் மூக்குல இருக்கு. அந்த டப்பாவுக்கு நெருக்கமா வரி ஓடற இயற்கைக் காட்டு மரம்தான் பழக்கம். அரசாங்கக் காட்டுல அந்த மரத்தை வெட்டறதை 2013-லயே நிறுத்திட்டாங்க. இப்ப நட்டு வளத்த மரத்துல கையைப் பழக்கிட்டிருக்காங்க. நீ போய், ‘இந்த டப்பா உலகம் பூரா லட்சக்கணக்குல போவணும்’னு படம் போட்டுக் காட்டினா, அந்தம்மா தலையைக் குனிஞ்சு மரியாதையா சிரிப்பாங்க. அது சம்மதம் இல்லடா.

இன்னொரு பக்கம் பாத்தா, யுத்தம் முடிஞ்சு நாடு பூரா செடாரை நட்டுத் தள்ளிட்டாங்க. வசந்த காலம் வந்தா மகரந்தம் பறந்து ஊரே தும்முது, நீயும்தான் தும்மின. அந்த மரம் மெத்துன்னு இருக்கும், நகம் பட்டா பதியும், நாற்காலிக்கு ஆவாது. 1920-ல தொடங்கின ஹிதா சங்யோ கம்பெனி அதைச் சூட்டுல அமுக்கிக் கெட்டியாக்கினாங்க. இத்தாலிக்காரர் என்ஸோ மாரியைக் கூப்பிட்டு அந்தக் கெட்டிப்பட்ட செடாருக்குன்னு நாற்காலி, மேஜை வரையச் சொன்னாங்க. அவரு கோவக்காரரு, யாரையும் திட்டாம வேலை பாக்கமாட்டாருன்னு பேரு. ஊர்ல மிஞ்சிக் கெடக்கற மரத்துக்கு வேலை கண்டுபுடிக்கறது நல்ல காரியம். அந்த ஹிதா ஆளுங்களுக்கு இது புதுசும் இல்ல. ஆயிரத்து முந்நூறு வருஷம் முந்தி ராஜாவுக்கு வரிக்குப் பதிலா தச்சரை அனுப்பின ஊரு. நெல்லு வெளையாத மலையில கையை வெளைய வெச்சவங்க.

போறப்ப ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்க. கைக்காரன்கிட்ட மாதிரிச் சாமான் ஓசியில கேக்காத. ‘விளம்பரம் கெடைக்கும்’னு சொல்லி இங்க ஒரு பெரிய கம்பெனி என்கிட்ட கதவு ஒண்ணு செய்யச் சொல்லுச்சு, கூலிக்கு இன்னிக்கு வரைக்கும் விளம்பரம்தான் வந்துட்டிருக்கு. அப்பறம், மொத மூணு மாசம் பென்சிலைத் தொடாத. அலகு தீட்டு. அவங்க பட்டறையில மொத வேலை பெருக்கறது, ரெண்டாவது வேலை தீட்டறது. தீட்டத் தெரிஞ்சவன் போடற கோடு வேற மாதிரி இருக்கும், எப்படின்னு என்னைக் கேக்காத, வாயால சொல்ல வராது.

அந்தப் பெட்டியா? ஆமா, சொல்ல வேணாம்னு பாத்தேன். போன மாசம் உங்க ஆயா ரெண்டு நாள் அதை மடியில வெச்சு, பூ கட்டற மாதிரி நவுத்தி நவுத்திப் பாத்தா. மூணாம் நாள் ‘டக்’குன்னு தொறந்துட்டா. நான் வாயைப் பொளந்து நிக்கறேன். ‘மேல பாக்காம கீழ பாத்தா எல்லாம் தெரியும்’னு சொல்லிட்டு உள்ள போனா.

இப்ப அது வெறும் பெட்டி இல்ல. டாக்டரு சொன்னாருன்னு என் பொகையிலையை அதுக்குள்ளதான் போட்டு வெச்சிருக்கா. கண்ணு முன்னாடி அலமாரி மேலதான் இருக்கு, பூட்டுகூட இல்ல. நீ கெளம்பறதுக்கு முன்ன, உங்க ஆயா தண்ணி புடிக்கப் போற நேரம் பாத்து, அந்தப் பத்து அசைவு என்னன்னு உன் போன்ல கொஞ்சம் தேடிச் சொல்லுடா பேராண்டி.